விளையாட்டுக் கணினியில் எதை மாற்றுவது?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு வீடு. தந்தை தபாற் கந்தோரில் எழுதுவினைஞர். மகன் உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவன். வீட்டிலே ஒரு கணினியும் உண்டு. கொழும்பில் ஏதோவோர் அலுவலகம் கழித்துவிட்ட கணினிகளுள் ஒன்று அது. பழுது பார்க்கப்பட்டு, தூசி தட்டப்பட்டு, ஓரளவு மலிவான விலைக்கு வந்து சேர்ந்தது. எழுதவும் படிக்கவும் அது போதும். ஆயின் மாலை வேளைகளில் நண்பர்கள் ஒன்றுகூடி ஆடும் விளையாட்டுக்களை அதிலே தொடங்கினால், அவை ஓடுகின்றன என்பதிலும் நொண்டுகின்றன என்பதே பொருந்தும். “அப்பா, ஒரு கிராபிக்ஸ் காட் போட்டால் எல்லாம் சரிவரும்” என்கிறான் மகன். சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கின்றமையால் தந்தைக்கும் மறுக்க மனமில்லை. “காட் போட்ட பிறகும் சரிவராட்டில், அந்தக் காசை ஆர் தருவினம், தம்பி?” என்ற ஒரேயொரு கேள்விதான் அவரிடம் உண்டு.

இந்தக் கேள்வி நியாயமானது. கணினியின் உறுப்புக்களை விற்பவரிடம் கேட்டால் அவர் தம்மிடம் இருப்பதைச் சொல்வார். நண்பனிடம் கேட்டால் அவன் தன்னிடம் இருப்பதைச் சொல்வான். உண்மையில் இதற்கு விடை சொல்லக்கூடியது அந்தக் கணினி ஒன்றுதான். அதனிடம் கேட்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளையாட்டின்போது கணினிக்குள்ளே நடப்பது யாது என்பதை முதலிற் காணலாம். திரையில் அசையும் காட்சி, சினிமாப் படத்தைப் போலவே, ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிலைப்படங்களின் தொடர்ச்சியாகும். ஒரு செக்கனுக்கு 60 படங்கள் வந்தால் கண்ணுக்கு ஓட்டம் இழைவாகத் தோன்றும். அங்ஙனமாயின் ஒரு படத்தை உருவாக்கி முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் மட்டுமே. 30 படங்களே போதுமெனின் 33 மில்லிசெக்கன் கிடைக்கும். 144 படங்கள் வேண்டுமென்போருக்கோ 7 மில்லிசெக்கனுக்கும் குறைவு.

இந்தச் சிறு அவகாசத்துக்குள் இருவர் வேலை செய்கின்றனர். ஒருவர் மையச் செயலி. மற்றவர் கிராபிக்ஸ் காட் என்னும் படவரைவுப் பலகை. வன்னியிலே அரிவு வெட்டைப் பார்த்தவர்களுக்கு இவ்விருவரின் உறவு எளிதில் விளங்கும். கமக்காரர் எந்த வயலை எப்பொழுது, எவ்வரம்பிலிருந்து வெட்டுவது என்று தீர்மானிக்கிறார். வெட்டுவோர் கூட்டம் அவர் காட்டிய இடத்தை வெட்டி முடிக்கிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, கதவு திறந்ததா, மூடியதா என்னும் தீர்மானங்கள் யாவும் மையச் செயலியின் வேலை. அத்தீர்மானங்களைக் கேட்டு, இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் தீட்டுவது படவரைவுப் பலகையின் வேலை. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள. நான்கு கே எனப்படும் 3840க்கு 2160 திரையில் அதன் நான்கு மடங்கு, 82 இலட்சத்துக்கும் மேல். கமக்காரர் வரம்பைக் காட்டத் தாமதித்தால் வெட்டுவோர் கைகட்டி நிற்பர். வெட்டுவோர் குறைவெனின் கமக்காரர் எத்துணைச் சுறுசுறுப்பானவராயினும் பயனில்லை. அரிவு எந்நேரம் முடியும் என்பதை நிர்ணயிப்பவர் இருவருள் பின்தங்கியவரே. பின்தங்கியவர் யார் என்று அறியாமல் காசு கொடுப்பது, ஆள் போதாத வயலுக்கு இன்னொரு கமக்காரரைக் கூலிக்கு அழைத்த கதையாக முடியும்.

பின்தங்கியவரைக் கண்டுபிடிக்க ஒரு சதமும் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வழக்கமாக ஆடும் விளையாட்டைத் தொடங்கி, அதன் அமைப்புப் பக்கத்திலே செக்கனுக்கு எத்தனை படம் என்பதைக் காட்டும் எண்ணைத் திரையில் வரச் செய்ய வேண்டும். பின்னர்ப் படத்தின் அளவைக் குறைத்து, நிழல்களையும் புல் பூண்டுகளின் அலங்காரத்தையும் மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எண் 35இலிருந்து 70ஆக உயர்ந்தால், நிறந்தீட்டும் வேலைதான் பாரமாக இருந்தது. குறை படவரைவுப் பலகையில் உள்ளது. எண் அசையாமல் 35இலேயே நின்றால், தீர்மானிக்கும் வேலை பின்தங்குகிறது. குறை பெரும்பாலும் மையச் செயலியிலோ நினைவகத்திலோ உள்ளது. இச்சோதனையைச் செய்யாமல் எவரும் கடைவாசலை மிதிக்காதிருப்பது நல்லது.

வின்டோஸ் இயங்குதளத்திலுள்ள டாஸ்க் மனேஜர் என்னும் சாளரமும் இதற்குத் துணை செய்யும். படவரைவுப் பலகை நூற்றுக்கு 95க்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தால் அதுவே எல்லை. அது 60இல் ஓய்ந்திருக்க ஓட்டம் நொண்டினால் மையச் செயலியைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே பலர் ஏமாறும் ஓர் இடமுண்டு. நான்கு கருக்கள் கொண்ட செயலியில் ஒரு கரு முழுமூச்சில் உழைத்து மூன்று கருக்கள் சும்மா இருந்தால், மொத்தக் கணக்கு நூற்றுக்கு 25 என்றே காட்டும். “செயலிக்கு வேலையே இல்லையே” என்று மகன் சொல்லக்கூடும். விளையாட்டின் முதன்மையான வேலை பெரும்பாலும் ஓரிரு கருக்களிலேயே தங்கியிருப்பதால், ஒவ்வொரு கருவையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லா விளையாட்டும் ஒரே உறுப்பை வருத்துவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020இல் வந்த வலோரன்ற், 2023இல் வந்த கவுன்ரர் ஸ்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுக்கள் காட்சியில் ஒப்பளவில் எளிமையானவை. படங்களின் எண்ணிக்கையை மிக உயர்த்தி ஆடுவோருக்கு அவை மையச் செயலியையே வருத்தும். 2020இன் இறுதியில் வந்த சைபர்பங்க் 2077 போன்றவையோ நகரம் முழுவதையும் ஒளியும் நிழலுமாக வரைந்து காட்டுவன. அவற்றில் வருந்துவது படவரைவுப் பலகை. ஆகவே “என்ன கணினி?” என்று கேட்குமுன் “என்ன விளையாட்டு?” என்று கேட்பவரே நல்ல கடைக்காரர்.

நிற்க, வலையமைப்பின் குற்றத்தைக் கணினியின் தலையில் ஏற்றுவோரும் உளர். இலங்கையிலிருந்து இணைய விளையாட்டு ஆடுவோரின் ஒவ்வோர் அசைவும் பெரும்பாலும் மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள சேவையகத்துக்குச் சென்று மீள வேண்டும். சுட்ட குண்டு தாமதித்துப் பட்டால், எதிரி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவினால், அவற்றுக்குக் காரணம் இணைப்பாக இருத்தல் கூடும். படங்களின் எண் 60இல் உறுதியாக நிற்கையில் இவை நேர்ந்தால், எத்தனை விலையுயர்ந்த காட்டைப் போட்டாலும் குண்டு விரைந்து செல்லாது.

செலவில்லாத வேறு சில திருத்தங்களும் உள. தனிப் படவரைவுப் பலகை உள்ள கணினியில், திரையின் கம்பியைத் தாய்ப்பலகையின் துளையிலே செருகிவிட்டு மாதக்கணக்கில் ஆடியவர்கள் உண்டு. பலகை ஒருபுறம் உறங்க, செயலிக்குள் அடங்கிய சிறு வரைவகமே அவ்வளவு காலமும் பாடுபட்டிருக்கும். 144 முறை புதுப்பிக்கும் திரையை வாங்கி, அமைப்பிலே 60 என விட்டுவிட்டோரும் உளர். எல்லாவற்றுக்கும் மேலாக வெப்பம். கணினியின் செயலி அளவுக்கு மீறிச் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பங்குனி, சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், செம்மண் தூசி அடைத்த காற்றாடியோடு இயங்கும் பெட்டி முதற் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர்த் தளர்வதற்கு இதுவே பெருங்காரணம். பெட்டியைத் திறந்து தூரிகையால் தூசி அகற்றி, செயலிக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் இடையே காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பித்தால், சிலவேளை புதிய உறுப்பே தேவைப்படாமற் போகும்.

இத்தனைக்குப் பின்னும் குறை நீங்காவிடின் வாங்குதலைப் பற்றிச் சிந்திக்கலாம்.

நினைவகமாகிய ராம் மலிவாய் இருந்த காலம் ஒன்றிருந்தது. 2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் உலகின் நினைவகச் சில்லுக்களைப் பெருவாரியாக வாங்கத் தொடங்கியதால் அதன் விலை சடுதியாக ஏறியது. இருப்பினும் 8 கிகாபைற்று மட்டும் உள்ள கணினிக்கு இன்னொரு 8 சேர்ப்பது இன்றைய விளையாட்டுக்களுக்கு இன்றியமையாதது எனலாம். நினைவகம் நிரம்பியதும் கணினி வட்டை நாடுகிறது. அந்த நாடலே திடீர்த் திடீரென்று காட்சி உறைந்து நிற்பதற்குக் காரணம். ஒரே துண்டாகப் பூட்டுவதிலும் ஒத்த இரு துண்டுகளாகப் பூட்டுவது நல்லது. இரு துண்டுகளாயின் செயலிக்குத் தரவு இரு வாய்க்கால்களால் பாயும். தனிப் படவரைவுப் பலகை இல்லாத கணினிகளில் இதன் பயன் கண்கூடு. டி.டி.ஆர். 3, 4, 5 என்னும் வகைகள் ஒன்றினிடத்தில் மற்றொன்று பொருந்தா என்பதை மட்டும் மறத்தலாகாது.

சுழலும் வன்வட்டை அகற்றி எஸ்.எஸ்.டி. பூட்டுவது கணினியின் அன்றாட நடையையே மாற்றிவிடும். ஆயினும் அதனைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்: அது விளையாட்டை விரைவாகத் தொடங்கச் செய்யுமேயன்றிச் செக்கனுக்குரிய படங்களைப் பெரும்பாலும் உயர்த்தாது. எனினும் 2023இல் வந்த ஸ்ரார்பீல்ட் என்னும் விளையாட்டு, குறைந்தபட்சத் தேவையாகவே எஸ்.எஸ்.டி.யைக் கேட்டது. இனி வருவன அவ்வழியே செல்லும்.

இனி, மகன் ஆசைப்படும் படவரைவுப் பலகைக்கு வரலாம். பலகையைத் தேர்வதன் முன் மின்வழங்கியைப் பார்க்க வேண்டும்; இங்கேதான் வீட்டுக் காசு மிகுதியாகக் கருகுகிறது. தாய்ப்பலகையின் செருகுவாய் தானாகவே தருவது 75 வாற்று. ஆறு முள் கம்பி இன்னொரு 75 வாற்றும், எட்டு முள் கம்பி 150 வாற்றும் தரும். அலுவலகக் கணினிகளின் மின்வழங்கி பல வேளைகளில் 240 வாற்று அளவினதாய், இத்தகைய முள் கம்பி ஒன்றேனும் இல்லாததாய் இருக்கும். சில நிறுவனங்கள் தமக்கேயுரிய அளவிலும் முள்ளமைப்பிலும் மின்வழங்கியைச் செய்வதால் வேறொன்றை அங்கே பொருத்தவும் இயலாது. “கவலை வேண்டாம், மாற்றுக் கம்பி ஒன்று போடலாம்” என்று கடையில் சொல்வர். வட்டுக்கு மின்தரும் சற்றா இணைப்பு, 12 வோல்ற்றில் 54 வாற்று மட்டுமே தாங்கத்தக்கது. அதனை ஆறு முள்ளாக மாற்றி 75 வாற்றை இழுப்பது இணைப்பை உருகச் செய்யும் வேலை. அக்கம்பியை மறுத்துவிடுவதே அறிவுடைமை.

மலிவான மின்வழங்கியின் மேலே 500 வாற்று எனப் பெரிதாக எழுதியிருப்பதையும் நம்பலாகாது. ஒட்டியுள்ள தாளில் 12 வோல்ற்று நிரையில் எத்தனை அம்பியர் என்பதைப் பார்த்துப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். 20 அம்பியர் எனின் அது விளையாட்டுக்குத் தரக்கூடியது 240 வாற்று. மேலே எழுதிய ஐந்நூறு வெறும் அலங்காரம். பெட்டிக்குள் வானவில்லாய் மின்னும் விளக்குகளுக்குச் செலவிடும் காசை இங்கே செலவிட்டால் கணினி நீண்டநாள் வாழும். இளைஞர்கள் இதனை ஏற்பது அரிது.

ஆகவே எழுதுவினைஞரின் வீட்டுக் கணினி போன்றவற்றுக்கு, முள் கம்பி வேண்டாத பலகைகளே பொருத்தம். 2019இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1650 என்னும் 4 கிகாபைற்றுப் பலகை 75 வாற்றுக்குள் அடங்குவது. அதன் பல வடிவங்கள் செருகுவாயின் மின்னிலேயே இயங்கும். குட்டைப் பெட்டிகளுக்கேற்ற தாழ்ந்த வடிவிலும் அது வந்தது. 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6400 இன்னும் குறைவாக, 53 வாற்றையே வேண்டுவது. புதியதே சிறந்தது என்று பாய்வோர் இங்கே சற்று நிற்க வேண்டும். ஆர்.எக்ஸ். 6400 தாய்ப்பலகையோடு நான்கு பாதைகளால் மட்டுமே பேசுகிறது. நான்காம் தலைமுறைச் செருகுவாயில் அந்நான்கும் ஓரளவு போதும். பழைய கணினியின் மூன்றாம் தலைமுறைச் செருகுவாயில் அதே நான்கு பாதைகளின் அகலம் பாதியாகிவிடும். பதினாறு பாதைகளைப் பயன்படுத்தும் பழைய 1650 அங்கே இடருறுவதில்லை. ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து வாங்குபவர் தோற்குமிடம் இது.

முள் கம்பிகளும் போதிய மின்னும் உள்ள பெட்டியாயின் தெரிவு விரியும். 2021இன் ஆர்.ரி.எக்ஸ். 3060 170 வாற்று வேண்டுவது. 12 கிகாபைற்று நினைவகத்தோடு வந்த வடிவம் அதற்குண்டு. 2023இன் ஆர்.ரி.எக்ஸ். 4060 அதனினும் விரைவாய் 115 வாற்றிலேயே இயங்கும்; ஆனால் 8 கிகாபைற்றே உடையது. பலகையின் சொந்த நினைவகம் நிரம்பிவிட்டால் ஓட்டம் தடக்கித் தடக்கிச் செல்லும். ஆதலின் நெடுங்காலம் வைத்திருக்க எண்ணுவோர் அவ்வெண்ணையும் பார்க்க வேண்டும். 2024 மார்கழியில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025இல் வந்த டூம் தொடரின் புதிய விளையாட்டும், கதிர்த் தடமறியும் வன்பொருள் இல்லாத பலகைகளை ஏற்கவே மறுத்தன. 1650 அவ்வன்பொருள் இல்லாதது. அவ்விளையாட்டுக்களை ஆட விரும்புவோருக்கு அது வழியன்று.

பழைய பலகைகளை வாங்குவோர் ஒரு வரலாற்றை அறிதல் வேண்டும். மெய்நிகர் நாணயம் தோண்டுவோர் 2021இல் உலகெங்கும் பலகைகளை அள்ளிச் சென்றனர். 2022 புரட்டாதியில் எதீரியம் தன் முறையை மாற்றியதும் அவை சந்தைக்குத் திரும்பின. இரவுபகலாய் உழைத்த பலகை யாவும் கெட்டது என்பதல்ல. ஆயினும் காற்றாடியும் பசையும் தேய்ந்திருக்கும். வாங்குமுன் அரைமணி நேரம் விளையாட்டை ஓடவிட்டு, வெப்பத்தையும் ஓசையையும் கவனிக்க வேண்டும். பழைய சில்லுக்குப் புதிய பெயர் எழுதி விற்கும் பித்தலாட்டமும் உண்டு. ஜி.பி.யூ.-இசட் என்னும் இலவசச் செயலி அத்தகைய போலிகள் பலவற்றை அடையாளங் காட்டும். அதனை ஒரு சிறு நினைவகக் குச்சியில் எடுத்துக்கொண்டு போகலாம்.

குறை மையச் செயலியில் எனக் கண்டவர்களின் பாடு சற்றுச் சிக்கலானது. செயலியை மாற்றுவது சிலவேளை தாய்ப்பலகையையும் நினைவகத்தையும் சேர்த்து மாற்றுவதாக முடியும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 4 என்னும் அமைவிடம் இதற்கொரு நல்ல விதிவிலக்கு. 2017இல் முதல் றைசன் செயலியோடு வாங்கிய பல தாய்ப்பலகைகள், உள்ளமைந்த நிரலைப் புதுப்பித்தவுடன், 2022இல் வந்த றைசன் 7 5800 எக்ஸ் 3டி வரை ஏற்றுக்கொண்டன. அச்செயலியின் சிறப்பு, 96 மெகாபைற்று அளவான உள்நினைவு. அடுக்களைத் தட்டிலேயே உப்பும் தூளும் கைக்கெட்ட இருப்பதற்கும், ஒவ்வொன்றுக்கும் சந்தைக்கு ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அது செய்தது. மறுபுறம், இன்ரெலின் எல்.ஜி.ஏ. 1151 பலரை ஏமாற்றியது. எட்டாந் தலைமுறைச் செயலி ஆறாந் தலைமுறைத் தாய்ப்பலகையின் குழியில் அளவாகப் பொருந்தும், ஆனால் இயங்காது. குழி பொருந்துகிறது என்பதையே சான்றாகக் கொண்டு வாங்கியோர் பலர்.

எழுதுவினைஞரின் மகனிடம் உள்ளது 2015இல் வந்த ஆறாந் தலைமுறை ஐ5-6500 எனக் கொள்ளலாம். அதற்கு நான்கு கருக்கள். அதே குழியில் எட்டு இழைகள் கொண்ட ஐ7-6700ஐப் பூட்ட முடியும். ஆனால் வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. வின்டோஸ் 11 எட்டாந் தலைமுறைக்கு முந்திய இன்ரெல் செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. அதனால் இந்தத் தாய்ப்பலகையின் மேல் இனிச் செயலிக்காகக் காசு போடுவது வாடகை வீட்டுக்கு மாடி கட்டுவதை ஒக்கும். எஸ்.எஸ்.டி.யும் படவரைவுப் பலகையும் அவ்வாறல்ல. பிற்காலத்தில் தாய்ப்பலகை மாறினாலும் அவற்றைக் கழற்றி அங்கே பூட்டலாம். நினைவகமோ அதே வகையை ஏற்கும் தாய்ப்பலகை வாங்கினால் மட்டுமே உடன்வரும். எது அடுத்த வீட்டுக்கு உடன்வரும், எது இங்கேயே கிடக்கும் என்று பார்ப்பது சிறுகச் சிறுகச் செலவிடும் குடும்பத்துக்கு மிகவும் உதவும் கணக்கு.

அந்த வீட்டிலே சோதனை செய்துபார்த்தால் விடை இவ்வாறு வரக்கூடும்: தனிப் பலகை இல்லை, ஒரே துண்டு 8 கிகாபைற்று, சுழலும் வட்டு, பெட்டி குட்டை, மின்வழங்கி 240 வாற்று. மகன் சொன்னது பெரும்பாலும் சரியே, காட் வேண்டும்தான். ஆயின் அவன் மனத்தில் வைத்திருந்த இரு காற்றாடிப் பெரும்பலகை அப்பெட்டிக்குள் நுழையவும் மாட்டாது, மின்னும் பெறாது. தாழ்ந்த வடிவ 1650, ஒத்த இன்னொரு நினைவகத் துண்டு, ஓர் எஸ்.எஸ்.டி. ஆகிய மூன்றும் அதற்குத் தக்கவை. நண்பர்களோடு மாலையில் ஆடும் போட்டி விளையாட்டுக்கு அவை போதும். 2022இன் நெருக்கடியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டைக் கண்ட நாட்டிலே, மிஞ்சும் காசில் ஒரு யூ.பி.எஸ். வாங்குவதை எவரும் வீண்செலவு என்னார்.

பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவுக்குப் பஸ் ஏறுமுன் பெட்டியைத் திறந்து, தாய்ப்பலகையின் பெயரையும், மின்வழங்கித் தாளிலுள்ள 12 வோல்ற்று அம்பியரையும், செருகுவாய்க்கு நேரே உள்ள இடத்தின் நீளத்தையும் உயரத்தையும் அடிமட்டத்தால் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் முதலிற் கேட்க வேண்டியவை அவைதாம். அவர் கேட்காவிட்டால் தந்தை அத்தாளை மேசைமேல் வைக்கலாம்.